மலைக்குளிரும் மூக்கின் கணக்கும்



பியர் நமக்கு ஹராம். ஆனாலும் அதன் வரலாறு நம் மலையைப் பற்றி ஒன்று சொல்கிறது. 1881இல் நுவரெலியாவில் பியர் ஆலை தொடங்கியபோது குளிரூட்டும் இயந்திரம் அரிது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளியிடும். சூடு ஏறினால் சுவை கெடும். அதை அடக்க மலைக்குளிர் உதவியது. இயந்திரக் குளிர் பரவிய பிறகு ஆலை பியகமவுக்கு இறங்கிவிட்டது.

நம் வலப்பனைத் தேயிலைக்கும் இதே விதிதான். அரைத்த கொழுந்தைப் பரப்பி வைப்பதை ‘பெர்மென்டேஷன்’ என்கிறோம். உண்மையில் ஈஸ்ட் இல்லை, அது ஒட்சியேற்றம். 30 பாகையைத் தாண்டினால் நிறமும் மணமும் போய்விடும். அந்த நேரத்தை மூக்காலும் கையாலும் அறிந்தவர்கள் நம் பெரியவர்கள். துரைமார் பெயர்கள் புத்தகத்தில் உள்ளன. இவர்களுடைய அறிவு இல்லை.

வீட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தவர் இருந்தால், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.