தீர்ப்புகள் எழுதாததை எழுதும் ஆவணப்படங்கள்

1968 டிசம்பர் 25 இரவு, ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், இராமையாவின் குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து நெற்கூலியை உயர்த்தக் கேட்டதே அவ்வூர்த் தொழிலாளர் செய்த 'குற்றம்'. 1970இல் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. செல்வந்தர்களான மிராசுதார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்பது அத்தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று.

பாரதி கிருஷ்ணகுமாரின் 'இராமையாவின் குடிசை' (2005) இத்தீர்ப்பு செவிமடுக்காத குரல்களைப் பதிவு செய்தது. உயிர் பிழைத்தோரின் நேரடிச் சாட்சியம் 37 ஆண்டுகளுக்குப் பின் மக்கள்முன் வைக்கப்பட்டது.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்க்காக நடந்த பேரணியைக் காவல்துறை தாக்கியதில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாக விசாரணை ஆணையம் கூறியது. அவர்களை ஆற்றுக்குள் விரட்டியது எது என்ற கேள்வியை ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' முன்வைத்தது. 1997இல் மும்பை ரமாபாய் நகரில் 10 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கும் ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011), 14 ஆண்டுகாலப் படப்பிடிப்பில் உருவானது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) மலம் அள்ளும் அவலத்தைக் காட்டியபோது, பல ஊர்களில் திரையிடலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

'சட்டம் ஒழுங்கு கெடும்' என்பதே மறுப்புக்கான வழக்கமான காரணம். போராட்டம் நடக்கும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என 1989இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அது இடஒதுக்கீட்டை விமர்சித்த படம். எனினும் அங்கு வகுக்கப்பட்ட நெறி நமக்கும் உரியது. போபால் பேரழிவு குறித்த ஆவணப்படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்ததும் செல்லாது என அதே நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது.

ஆவணப்படம் வரலாற்றுச் சான்று; அது தானாகவே நீதிமன்றச் சான்றாகிவிடாது. மின்னணுப் பதிவை வழக்கில் ஏற்க, பாரதிய சாட்சிய அதினியம் 2023இன் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எனவே வெட்டப்படாத மூலக்கோப்பையும், பதிவு செய்த நாள், கருவி, எடுத்தவர் ஆகிய விவரங்களையும் பாதுகாக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவோ, அச்சட்டத்தின்கீழ் வரும் வழக்கு நடவடிக்கைகள் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டோர் இதை வலியுறுத்திக் கேட்கலாம்.

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் நின்று பார்க்கும்போது இக்கடமையின் அவசரம் புரியும். மலைமேல் ஜாகீர்தார் ஆட்சி 1976 வரை நீடித்தது. வரி எவ்வாறு வாங்கப்பட்டது, யார் கூலியின்றி உழைத்தனர், நிலம் யார் பெயருக்குச் சென்றது என்பவற்றை நேரில் கண்டவர்களில் அன்று 20 வயதினராக இருந்தோர் இன்று 70ஐ நெருங்குகின்றனர். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னரே, மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்து உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

வெண்மணியின் குரல்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தன. மலையின் முதியவர்களுக்கு அவ்வளவு காலம் இல்லை. கையிலுள்ள கைபேசி போதும். அவர்களின் ஒப்புதலோடு இன்றே பதிவைத் தொடங்குவோம்.