ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள்: நிதியும் செயல்திறன் அளவீடும்

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் என்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடி மையங்கள் வழியே சேவை அளிக்கும் இந்திய அரசின் திட்டம். இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், ஊட்டச்சத்து–நலக் கல்வி, முன்பருவக் கல்வி ஆகிய ஆறும் அதன் பணிகள். அரசு எவ்வளவு செலவிட்டது, அது யாரைச் சென்றடைந்தது, குழந்தையின் வளர்ச்சியில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்னும் மூன்று கேள்விகளும் ஐம்பது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகவே எழுந்தன. ஒவ்வொரு புதிய அளவுகோலும் முந்தையது காணத் தவறியதைக் காட்டியது.

தொடக்கமும் முதல் மதிப்பீடுகளும்

குழந்தைகளுக்கான தேசியக் கொள்கை 1974இல் வெளியானது. அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் இத்திட்டம் தொடங்கியது. திட்டக் குழுவின் மதிப்பீட்டு அமைப்பு 1976இலிருந்தே இதை ஆராய்ந்தது. ஆயினும் ஆண்டறிக்கைகளில் முதலிடம் பெற்றவை மையங்களின் எண்ணிக்கை, நிரப்பப்பட்ட பணியிடங்கள், பதிவேட்டில் உள்ள பயனாளிகள், செலவான தொகை ஆகியவையே. உணவுச் செலவு முழுவதையும் அக்காலத்தில் மாநிலங்களே ஏற்றன. ஆகவே நிதிவசதி குறைந்த மாநிலத்தில் மையம் இருந்தும் உணவு இல்லாத நிலை இருந்தது; மையங்களை எண்ணும் கணக்கில் அது தெரியவில்லை.

தமிழ்நாட்டின் இரு வழிகள்

உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எடைத்தராசை நிர்வாகத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். வளர்ச்சி அட்டையில் எடை தேங்கிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துணவு தரப்பட்டது. எடை தேறியதும் உணவு நிறுத்தப்பட்டது. இங்கு அளவீடே செலவைத் தீர்மானித்தது.

1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இதற்கு நேர்மாறானது. முன்பருவக் குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கும் எடை பாராமல் சமைத்த உணவு அளித்தது அது. தேர்ந்தெடுத்துத் தருவதா, எல்லோருக்கும் தருவதா என்ற விவாதம் பின்னர் நாடு தழுவிய கொள்கையிலும் தொடர்ந்தது.

குடும்பநல ஆய்வும் மாறிய அளவுகோலும்

1992–93இல் நடந்த முதல் தேசிய குடும்பநல ஆய்வு, துறையின் பதிவேட்டைச் சாராமல் வீடுவீடாகச் சென்று குழந்தைகளை அளந்தது. அளக்கும் பலகைகள் கிடைக்காததால் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் எடை மட்டுமே பார்க்க முடிந்தது; உயரம் அளக்கப்படவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2006இல் வெளியிட்ட புதிய வளர்ச்சித் தரங்களை இந்தியா 2008இல் ஏற்றது. ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனி அட்டைகள் வந்தன. பழைய அட்டையின் எண்களைப் புதிய அட்டையின் எண்களோடு நேராக ஒப்பிட முடியாது என்பதால், மாநிலங்களின் முன்னேற்றத்தைக் காலவரிசையில் மதிப்பிடுவது சிக்கலானது.

உரிமை என்னும் அளவுகோல்

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த உணவுரிமை வழக்கு பெரிய திருப்பம். 2001 நவம்பர் 28 ஆணை, ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி வேண்டும் என்றது. அரசு ஆணைகளை நிறைவேற்றுகிறதா என்று கண்காணிக்க ஆணையர்கள் நியமிக்கப்பட்டனர். 2006 டிசம்பர் 13 ஆணை, 2008 இறுதிக்குள் 14 லட்சம் மையங்கள் அமைய வேண்டும் என்றதோடு, ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் உள்ள ஊர் கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றும் கூறியது. அதுவரை அரசு தான் வகுத்த இலக்கைக் கொண்டு தன்னையே அளந்துவந்தது. இப்போது குழந்தைக்கு உரியது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற கணக்கு வந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைச் சட்டமாக்கியது.

இதே காலத்தில் 2005ஆம் ஆண்டின் உலக வங்கி ஆய்வு, ஊட்டச்சத்துக் குறைவு மிகுந்த மாநிலங்களுக்கே சேவையும் நிதியும் மிகக் குறைவாகச் சென்றதைக் காட்டியது. 2005–06 முதல் உணவுச் செலவில் நடுவண் அரசும் பாதியளவு பங்கேற்றது. ஆறு மாநிலங்களில் நடந்த கள ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 2006இல் வெளியான ‘ஃபோகஸ்’ அறிக்கை, தமிழ்நாட்டு மையங்களை நல்ல முன்மாதிரியாகச் சுட்டியது.

தணிக்கையும் பட்ஜெட்டும்

நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2005இல் அறிமுகப்படுத்திய பயன்விளைவு பட்ஜெட், ஒதுக்கீட்டுக்கு எதிரே எதிர்பார்க்கும் பலனையும் எழுதச் சொன்னது. 2008–09 முதல் குழந்தைகளுக்கான ஒதுக்கீடுகள் பட்ஜெட்டில் தனி அறிக்கையாகத் தொகுக்கப்பட்டன.

2006–07 முதல் 2010–11 வரையிலான காலத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, ஆய்வுக்கு எடுத்த மையங்களில் 61 விழுக்காட்டுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை என்றது. 52 விழுக்காட்டில் கழிப்பறையும், 32 விழுக்காட்டில் குடிநீரும் இல்லை. எடையிடப்படாத குழந்தைகளின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் 33 முதல் 47 விழுக்காடு வரை இருந்தது. ஊட்டச்சத்து நிலையைப் பற்றித் துறை தந்த கணக்கின் அடித்தளத்தையே இந்தக் கடைசி எண் ஆட்டம் காணச் செய்தது.

போஷன் டிராக்கர் காலம்

2018 மார்ச் 8 அன்று தொடங்கிய போஷன் அபியான் என்னும் தேசிய ஊட்டச்சத்து இயக்கம், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் அளவை 38.4 விழுக்காட்டிலிருந்து 2022க்குள் 25 ஆகக் குறைக்க விரும்பியது. 2019–21 குடும்பநல ஆய்வில் அது 35.5 ஆகவே இருந்தது. தமிழ்நாட்டில் 25. மையங்களின் அன்றாடத் தகவல்களைச் செல்பேசி வழியே திரட்டும் போஷன் டிராக்கர் செயலி 2021இல் வந்தது.

இரு அளவீடுகளும் மோதியது 2023இல். குடும்பநல ஆய்வின் தரவைச் சார்ந்த உலகப் பட்டினிக் குறியீடு, உயரத்துக்கேற்ற எடையில்லாத இந்தியக் குழந்தைகள் 18.7 விழுக்காடு என்றது. டிராக்கர்படி இது 7.2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அரசு மறுத்தது. டிராக்கர் கணக்கில் வருபவர்கள் மையத்தில் பதிந்து எடை பார்க்கப்பட்ட குழந்தைகள். குடும்பநல ஆய்வில் வருபவர்கள் மாதிரி முறையில் தேர்ந்த வீடுகளின் குழந்தைகள். டிராக்கரில் அளப்பவரும், அளவின் பேரில் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவரே. மாதந்தோறும் நடக்கும் நிர்வாகத்துக்கு அது பயன்படும். அரசின் செயல்திறனை மதிப்பிட வெளி ஆய்வு தேவைப்படுகிறது.

அளவீட்டின் எல்லைகள்

2017இல் திருத்தப்பட்ட விதிப்படி ஒரு குழந்தைக்கான உணவுச் செலவு நாளொன்றுக்கு 8 ரூபாய். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு 12 ரூபாய். தலைக்கு ஆகும் செலவு குறைவாகத் தெரிவதற்கு ஊழியர்களின் நிலையும் ஒரு காரணம். அங்கன்வாடிப் பணியாளருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியமே உண்டு. 2018 அக்டோபர் முதல் நடுவண் அரசு வகுத்த அளவு மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைக் கூட்டித் தருகின்றன. இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. மையம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, வேலைக்குச் செல்லும் தாய்க்கு அந்த நேரம் போதுமா என்பது இத்திட்டத்தின் முதன்மைக் குறியீடுகளில் இடம்பெறவில்லை. பகல்நேரக் காப்பகங்கள் இப்போது ‘பால்னா’ என்ற பெயரில் தனித் திட்டமாக, மிகச் சிறிய ஒதுக்கீட்டில் இயங்குகின்றன. ஊட்டச்சத்தை அளக்கும் முறைகள் பல வளர்ந்துவிட்ட நிலையில், குழந்தைப் பராமரிப்பு என்னும் சேவையை அளக்கும் முறை இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது.