இதயத்தின் தாளம் காப்போர்

கழக்கூட்டம் என்றவுடன் திருவிதாங்கூர் வரலாறு பயின்றோர்க்கு எட்டு வீட்டில் பிள்ளைமார் நினைவுக்கு வருவர். மார்த்தாண்ட வர்மரை எதிர்த்து நின்ற அந்த எண்மருள் கழக்கூட்டத்துப் பிள்ளையும் ஒருவர். பிழைப்பை நாடி அங்குக் குடியேறிய நம்மவர்க்கோ, அவ்வூர் 1990-இல் தோன்றிய டெக்னோபார்க்கினால் அறிமுகமானது. இவ்விரண்டையும் விடுத்து, அங்கு உருவாகும் ஒரு சிறு பொருளிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம். அது மனித இதயத்தில் பொருத்தப்படும் செயற்கை வால்வு.

1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கொடையாக அளித்த கட்டடத்தில் வளர்ந்ததே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தினால் அது நாட்டின் முக்கிய நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஏழைச் சிறுவர்களையும் இளைஞர்களையும் அவர் நாள்தோறும் கண்டார். வெளிநாட்டு வால்வின் விலையோ அவர்கள் கனவிலும் எட்டாதது. உள்நாட்டிலேயே அதனைச் செய்ய முனைந்தபோது முதல் மூன்று மாதிரிகளும் பயன்படவில்லை; நான்காவதே தேறியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி. டி. கே. நிறுவனம் அதனை உற்பத்தி செய்யும் பொறுப்பை ஏற்று, கழக்கூட்டத்தை அடுத்த கின்ஃப்ரா வளாகத்தில் ஆலை நடத்தி வருகிறது.

வால்வு தைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. இதயத்தை இயக்கும் மின்துடிப்பு செல்லும் நுண்ணிய பாதை, வால்வுகளை ஒட்டியே ஓடுகிறது. ஊசியும் நூலும் அதன் அருகில் உலவுங்கால் அப்பாதை வீங்கவும் கூடும், அறுபடவும் கூடும். அப்போது மேலறை ஒரு கதியிலும் கீழறை வேறு கதியிலும் துடிக்கும். அதனைக் கணப்பொழுதில் கண்டுகொள்ள ஒருவர் வேண்டும். அவரே இதயத் தாளத் தொழில்நுட்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் முழு நிறைவு தரவில்லை. ஆயினும் தாளம் என்பதை விடப் பொருத்தமான சொல் வேறு கிடைக்கவுமில்லை.

நாடி பார்த்துத் தாளமறியும் கலை நம் சித்த வைத்தியர்க்குப் பழையது. மூன்று விரல்களால் வாதம், பித்தம், கபம் என அவர்கள் பிரித்தறிந்தனர். விரலுக்கு எட்டாத மின்னோட்டத்தைக் கருவி கொண்டு அறிந்தது 1887-இல். இலண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்னலையை முதன்முதல் பதிவு செய்தார். ஹாலந்து நாட்டு வில்லெம் ஐந்தோவன் வெள்ளி பூசிய படிக இழையைக் கொண்டு அதனைத் தெளிவாக வரைந்து காட்டினார். அவர் கருவியை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளியோ உப்புநீர் நிறைந்த பாத்திரங்களில் கைகளையும் ஒரு காலையும் அமிழ்த்தி அமர்ந்திருக்க வேண்டும்! 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அலைகளுக்கு அவரிட்ட பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் எழுத்துகள் இன்றும் எல்லா மொழியிலும் அப்படியே வழங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர்க்கு வேலையில்லாத இடம் அதுவொன்றே போலும்.

1958-இல் ஸ்வீடனில் துடிப்பூட்டும் கருவியான பேஸ்மேக்கரை முதன்முதல் ஒரு மனிதர் உடலுக்குள் பொருத்தினர். அதுமுதல் இத்தொழிலின் தன்மையே மாறிற்று. முன்பு தாளை ஓட்டிப் பதிவெடுத்தால் போதும். இப்போது கருவியோடு உரையாட வேண்டும். எத்துணைச் சிறிய மின்னூட்டத்துக்கு இதயம் பதிலளிக்கிறது, இயற்கைத் துடிப்பைக் கருவி உணர்கிறதா, மின்கலம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பவற்றையெல்லாம் அளந்து மருத்துவரிடம் கூறுவது தொழில்நுட்பரின் வேலை. தொடையின் இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பிகளை மருத்துவர் இதயத்துக்குள் செலுத்தும்போது, திரைமுன் அமர்ந்து ஆயிரத்தில் ஒரு விநாடிக் கணக்கில் இடைவெளிகளை அளப்பவரும் அவரே. அவர் அயர்ந்தால் மருத்துவரின் கை வழிதவறும்.

இதற்கான பயிற்சியைத் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரை நிலையம், இயற்பியல் பயின்ற பட்டதாரிகளுக்கு இதய ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயமாக அளித்து வருகிறது. தமிழ்நாட்டிலோ டாக்டர் எம். ஜி. ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதயத் தொழில்நுட்ப இளநிலைப் பட்டம் உண்டு. இத்தகையோரை நெடுங்காலம் மருத்துவமனையின் உதவியாளர் என்ற ஒரே பெயரில் அடக்கி வைத்திருந்தனர். துணை மருத்துவத் தொழில்களுக்கெனத் தனிச் சட்டம் 2021-இல்தான் வந்தது. காலம் கடந்த செயல் என்றே நாம் கருதுகிறோம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள், பிள்ளைகளை மருத்துவராக்க இயலாவிடில் பொறியியலே கதி என்றெண்ணும் பெற்றோர் பலர். அவர்கள் இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம். இயற்பியலில் நாட்டமும், மணிக்கணக்கில் கண் அயராப் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு இது ஏற்ற தொழில். மற்றொரு தகுதியும் உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் திருவனந்தபுரம் வரும் நோயாளிகள் தமிழே பேசுவர். பதிவெடுக்கும்போது கை நடுங்கினாலும் தசையின் துடிப்பு இதய அலையோடு கலந்து பதிவு கெட்டுவிடும். “அசையாதீர்கள், அஞ்சாதீர்கள், இது வலிக்காது” என்று அவர்களுடைய மொழியில் சொல்ல ஒருவர் அருகில் இருந்தால், கோடுகள் தெளிவாக விழும்.