சைக்கடெலிக் ராக் ஆல்பங்களின் அதிகம் அறியப்படாத பாடல்கள்

சைக்கடெலிக் ராக் என்பது 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவான ராக் இசை வகை. கனவு, போதை, மாயத்தோற்றம் ஆகியவற்றின் அனுபவத்தை ஒலியில் கொண்டுவர இது முயன்றது. இவ்வகையின் புகழ்பெற்ற பாடல்கள் வானொலி வழியே பரவின. ஆனால் அதன் துணிச்சலான சோதனைகள் பல, வானொலியில் அதிகம் ஒலிக்காத ஆல்பம் பாடல்களில் நிகழ்ந்தன. சோம்பீஸ் குழுவின் 'ஒடிசி அண்ட் ஆரக்கிள்' (1968) இதற்கு நல்ல சான்று.

சிங்கிளும் ஆல்பமும்

அக்காலத்தில் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு வகை இசைத்தட்டுகளில் விற்கப்பட்டன. நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குல சிங்கிள் தட்டில் பக்கத்துக்கு ஒரு பாடல் இருந்தது. 33⅓ முறை சுழலும் 12 அங்குல ஆல்பம் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிட இசை அடங்கியது. சிங்கிள் பாடல் சுமார் மூன்று நிமிடத்தில் கேட்பவரைக் கவர வேண்டியிருந்தது. ஆல்பம் பாடலுக்கு அந்தக் கட்டாயம் குறைவு.

பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' (1966) ஆல்பத்தின் இறுதிப் பாடலான 'டுமாரோ நெவர் நோஸ்', தம்புராவின் சுருதியோடு ஒலிநாடாச் சுழல்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. பிங்க் ஃபிளாய்டு குழுவின் முதல் ஆல்பத்தில் (1967) உள்ள 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்' ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் கருவியிசை. அக்குழுவுக்குப் பெயர் தந்த 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி ப்ளே' ஆகிய சிங்கிள்கள் அந்த ஆல்பத்தின் பிரிட்டன் பதிப்பில் இடம்பெறவில்லை. எனவே சிங்கிளை மட்டும் கேட்டவர்களும் ஆல்பத்தை மட்டும் கேட்டவர்களும் ஏறக்குறைய வெவ்வேறு இசைக்குழுக்களை அறிந்திருந்தனர்.

ஒடிசி அண்ட் ஆரக்கிள்

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரைச் சேர்ந்த சோம்பீஸ், 1964இல் 'ஷீ இஸ் நாட் தேர்' பாடலால் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டுகளில் விற்பனை சரிந்தது. 1967இல் குழுவினர் தாங்களே தயாரிப்பாளர்களாகி, பெரும்பகுதியை லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவுசெய்தனர். நாடாவில் பதிந்த ஒலிகளை விசைப்பலகையால் இயக்கும் மெல்லோட்ரான் கருவியை நிறையப் பயன்படுத்தினர். ஸ்டீரியோ கலவைக்குப் பணம் போதாதபோது, பாடலாசிரியர்களான ராட் ஆர்ஜென்டும் கிறிஸ் ஒயிட்டும் தங்கள் உரிமைத்தொகையிலிருந்து அதைச் செலுத்தினர்.

முதலில் வெளியான சிங்கிள்கள் தோல்வியடைந்தன. 1967 இறுதியில் குழு கலைந்தது. ஆல்பம் 1968 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அட்டையில் 'ஒடிசி' என்ற சொல் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையோடு அச்சானது.

கவனிக்கப்படாத பாடல்கள்

அமெரிக்க இசைக்கலைஞர் அல் கூப்பரின் வற்புறுத்தலால் ஆல்பம் அங்கும் வெளியிடப்பட்டது. அதன் கடைசிப் பாடலான 'டைம் ஆஃப் த சீசன்' 1969இல் அமெரிக்கத் தரவரிசையில் 3ஆம் இடத்தை அடைந்தது. அப்போது குழு கலைந்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அந்தப் பாடலுக்காகத் தட்டை வாங்கியவர்களுக்கு மேலும் 11 பாடல்கள் காத்திருந்தன.

'கேர் ஆஃப் செல் 44' உற்சாகமான மெட்டில் அமைந்தது. சிறையிலிருந்து விடுதலையாகப்போகும் காதலிக்கு எழுதும் கடிதமே அதன் பொருள். 'எ ரோஸ் ஃபார் எமிலி' பியானோவும் குரல்களும் மட்டுமே கொண்டது. 'புச்சர்ஸ் டேல்' முதல் உலகப்போரில் படைவீரனான ஒரு கசாப்புக்காரனின் நடுங்கும் குரல். காலால் மிதித்துக் காற்றூட்டும் ஆர்மோனிய வகைக் கருவியே அதற்குத் துணை. வியட்நாம் போர்க்காலத்துக்குப் பொருந்தும் எனக் கருதி அமெரிக்காவில் இதையும் சிங்கிளாக வெளியிட்டனர், அது விற்கவில்லை. போரில் குலைந்த மனிதனின் குரலை நடனப் பாடல்களுக்கு நடுவே கேட்டால் அதன் கனம் தெரிவதில்லை. ஆல்பத்தின் வரிசையில், இனிய பாடல்களைத் தொடர்ந்து வரும்போதுதான் அது உலுக்குகிறது.

பிற்கால வரவேற்பு

அறியப்படாத பாடல்கள் எல்லாமே சிறந்தவை அல்ல. பல பாடல்கள் இடத்தை நிரப்பப் பதிவுசெய்யப்பட்டவை. எனினும் இந்த ஆல்பம் மறுபதிப்புகளாலும் இசைக்கலைஞர்களின் பாராட்டாலும் மெல்லப் புதிய கேட்பாளர்களைப் பெற்றது. 2008 மார்ச்சில், 40 ஆண்டுகளுக்குப் பின், குழுவின் எஞ்சிய நான்கு உறுப்பினர்கள் லண்டன் மேடையில் முதன்முறையாக ஆல்பம் முழுவதையும் இசைத்தனர். கிதார் கலைஞர் பால் அட்கின்சன் 2004இல் காலமாகியிருந்தார்.