ஸ்கோர்போர்டும் கேப்டன் பதவியும்

1970களில் சிப்காட் வந்து ஓசூர் தொழில் நகரமானது. ஆலை வேலை என்றால் "உள்ளே யாரைத் தெரியும்?" என்பதுதான் நம் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி. இன்று ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் நம் பிள்ளைகள் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை: "எழுதிய நிரலை கிட்ஹப்பில் போடு, லிங்க்டுஇன்னில் சொல்லு. திறமை தெரிந்தால் எல்லாம் தானாக வரும்."

இதில் பாதி உண்மை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, சம தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் வேலைகளுக்கு அனுப்பினார்கள். ஆதிக்கச் சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை. சிபாரிசு செய்ய ஆளில்லாத முதல் தலைமுறைக்கு, எவரும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல் ஒரு சாட்சி. வாசல் திறக்க அது உதவும்.

ஆனால் உள்ளே நுழைவது வேறு, மேலே ஏறுவது வேறு. நூறாண்டுக்கு முன்பே கிரிக்கெட் மைதானத்தில் இது நடந்திருக்கிறது. தார்வாடில் பிறந்த பல்வங்கர் பாலூ, தலித். புனேயில் ஆடுகளம் பராமரிக்கும் வேலையிலிருந்து பந்துவீச்சாளராக உயர்ந்தவர். இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தனி மண்குவளையில். நம் ஊர் இரட்டைக்குவளைதான். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அதைவிடப் பெரிய திறமைச் சான்று எது? ஆனாலும் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920-இல் அவருடைய தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து எதிர்த்தார்கள். அதன் பிறகே பாலூ துணைக் கேப்டன் ஆனார். 1923-இல் விட்டல் கேப்டன் ஆனார்.

2020-இல் கலிஃபோர்னியா அரசுத் துறை சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவரின் சாதி சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டது, புகார் செய்தபின் அவரது முன்னேற்றம் தடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, இரு மேலாளர்கள் மீதான வழக்கு 2023-இல் கைவிடப்பட்டது. ஆனால் கேள்வி அதே பழைய கேள்விதான்.

அலுவலகத்தில் எழுதும் நிரல் நிறுவனத்தின் சொத்து. அதை வெளியே காட்ட முடியாது. பஸ்ஸில் வீடு திரும்பிய பிறகு, தூக்கத்தை விற்றுத்தான் நமக்கென்று எழுத வேண்டியிருக்கிறது.

எனவே தோழர்களே, திறமையைக் காட்டுவோம். கூடவே, பதவி உயர்வுக்கான அளவுகோலை எழுத்தில் கேட்போம். செய்த வேலையைத் தேதியோடு குறித்து வைப்போம். பாலூவுக்காக ஆட மறுக்க இரண்டு பேர் இருந்தார்கள். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு நாம் அந்த இரண்டு பேராக இருப்போம்.