பார்வை வளர்ச்சியில் நரம்புத் துடிப்பின் பங்கு

கண் பழுதில்லாமல் இருந்தால் மட்டும் பார்வை வந்துவிடாது. விழித்திரையிலிருந்து செல்லும் நரம்புத் துடிப்புகள்தான் குழந்தையின் மூளையில் பார்வைக்கான இணைப்புகளை நிலைநிறுத்துகின்றன. துடிப்பு வராத இணைப்பு மெலிந்துபோகிறது.

1963இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபலும் டொர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இமையோடு தைத்து மூடினார்கள். சில மாதங்களின் பின் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதியிலிருந்த கலங்களில் மிகச் சிலவே அந்தக் கண்ணுக்குப் பதிலளித்தன. வளர்ந்த பூனைகளுக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. இரு கண்களையும் மூடிய குட்டிகளில் பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததுதான் புதினம். கண்கள் இரண்டும் மூளையில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. திறந்திருந்த கண் மற்றதன் பங்கையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

வாக்குக்கண் உள்ள பிள்ளைக்கும் அந்தப் பூனைக்குட்டிகளின் நிலையே நேரலாம். மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிடும். நல்ல கண்ணை மறைத்து மற்றதை வேலைவாங்கும் சிகிச்சையை ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் கூடுதல். வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் காத்திருப்பவர்கள் அந்த வயதைத்தான் இழக்கிறார்கள்.

கண்ணில் ஒளி படுவதற்கு முன்பே நரம்புத் துடிப்பின் வேலை தொடங்கிவிடுகிறது. 1988இல் இத்தாலியில் கல்லியும் மஃபெயியும் பிறவாத எலிகளின் விழித்திரைக் கலங்கள் தாமாகவே துடிப்பதைப் பதிவுசெய்தனர். இத்தகைய துடிப்புகள் அலையலையாகப் பரவுவதை 1991இல் கார்லா ஷாட்ஸ் உள்ளிட்ட குழுவினர் காட்டினர்.

காலம் கடந்தால் எல்லாம் முடிந்ததா? இந்தியாவில் பவன் சின்ஹா தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டம் அந்த முடிவை அசைத்தது. பிறவியிலேயே பார்வையின்றி, 8 முதல் 17 வயதுக்குள் அறுவைச் சிகிச்சை பெற்ற ஐவரை அத்திட்டத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. கையால் தடவி அறிந்த கட்டையைக் கண்ணால் இனங்காண அவர்களால் முதலில் முடியவில்லை. மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் சில நாட்களிலேயே தேறியிருந்தார்கள். ஆனாலும் இப்படித் தாமதமாகப் பார்வை பெறுவோருக்கு நுண்ணிய விவரங்களைக் காணும் கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை.

பிள்ளைகள் பார்வையின்றிப் பிறப்பதைத் தடுக்கவும் வழியுண்டு. பிறவி வெண்புரைக்கு ஒரு காரணம் கர்ப்பகாலத்து ருபெல்லா என்பதை 1941இல் அவுஸ்திரேலியரான நோர்மன் கிரெக் கண்டறிந்தார். இலங்கை 1996இல் ருபெல்லாத் தடுப்பூசியை அறிமுகப்படுத்தியது. நாட்டிலிருந்து அந்நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்தது.