காமன் கூத்தில் தந்தையர்: அதிகாரமும் பொறுப்பும்

மாசி வளர்பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி இரவெல்லாம் கூத்தாடி, இறுதியில் காமனை எரிப்பது மலையகத் தோட்டங்களின் மரபு. கோப்பிக் காலத்திலும், 1867இல் தேயிலைச் செய்கை தொடங்கிய பின்னும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கொண்டுவந்த இக்கூத்து, அக்கரப்பத்தனை உள்ளிட்ட நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்புறங்களுக்கு உரிய கலையாக நிலைத்தது. கணவனை இழந்த ரதியின் கதையாகவே இது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. கதையைப் பின்னோக்கிப் பிரித்தால் முடிச்சுக்கு முடிச்சு ஒரு தகப்பன் நிற்கிறான்.

முதல்வன் தக்கன். மருமகனான சிவனை அவமதிக்க யாகம் வளர்க்கிறான். மகள் தாட்சாயணி அங்கே உயிர் துறக்கிறாள். கூத்தில் தோன்றும் வீரபத்திரன் அந்த யாகத்தை அழிக்கப் பிறந்தவன். மனைவியை இழந்த சிவன் தவத்தில் அமர்கிறான். அசுரரை ஒடுக்கச் சிவனுக்கொரு பிள்ளை பிறக்க வேண்டும் என்ற தேவர்கள், தவத்தைக் கலைக்க மன்மதனை ஏவுகிறார்கள். ஒருவனைத் தகப்பனாக்க இன்னொருவன் பிள்ளை எரிகிறான். சிவபுராணமோ ரதியையும் தக்கனின் மகளாகவே சொல்கிறது. அந்த வழக்கை ஏற்றால், தக்கனின் வீம்புக்கு ஒரு மகள் உயிரையும் இன்னொருத்தி தாலியையும் கொடுத்திருக்கிறாள்.

மன்மதனின் தகப்பன் திருமால். ரதி–மன்மதன் தர்க்கத்தில் போகாதே என்று அவள் தடுக்க, திருமாலின் மகனுக்கு என்ன நேரும் என்ற செருக்கோடு அவன் கிளம்புகிறான். அரிஸ்டாட்டில் அவல நாயகனிடம் காணும் பிழையை இங்கே தேடினால், அது தந்தையின் செல்வாக்கு தன்னைக் காக்கும் என்ற நம்பிக்கைதான். நெற்றிக்கண் திறக்கும்போது தந்தை வருவதில்லை.

கிரேக்க நாடகம் இந்த இடத்தில் வேறு வழி போகிறது. சோஃபக்கிளிசின் ‘அன்ரிகனி’யில் மன்னன் கிரியோன் மகன் ஹேமனின் பிணத்தோடு மேடைக்கு வந்து, குற்றம் தன்னுடையதே என்கிறான். அதிகாரமும் தந்தைமையும் ஓர் உடலில் இருப்பதால் தண்டனையும் அங்கேயே விழுகிறது. காமன் கூத்தில் ஏவியவர்கள் வேறு, பெற்றவன் வேறு, எரித்தவன் வேறு. பொறுப்பு மூவரிடமும் சிதறி, ஒருவரிடமும் தங்குவதில்லை.

தோட்டம் இத்தகைய அதிகாரத்தை அறிந்திருந்தது. ஆள் திரட்டி வந்த பெரிய கங்காணி பல வேளை உறவினன், ஊரவன்; கடன் கொடுத்துக் கட்டி வைத்தவனும் அவனே. அந்தக் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்த ‘துண்டு’ 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தடை செய்யப்பட்டது. கூத்தைத் தோட்டத்தின் உருவகமாகச் சுருக்குவது பிழை. கதை தோட்டத்துக்கு மிக முந்தியது. எனினும் மேலிருந்து வரும் ஏவலுக்குக் கீழிருப்பவன் பலியாவதைப் பார்வையாளர் புராணச் செய்தியாக மட்டும் கேட்டிருக்க முடியாது.

கணக்குக் கேட்பவள் ரதி ஒருத்தியே. விரதமிருந்து அவ்வேடம் கட்டும் ஆணின் ஒப்பாரிக்குப் பின்னரே சிவன் இரங்குகிறான். மன்மதன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்கிறான். உடல் திரும்பக் கிடைப்பது, புராணப்படி, திருமாலின் அவதாரமான கண்ணனின் மகன் பிரத்தியும்நனாகப் பிறக்கும்போதுதான். காக்க வராத தகப்பனிடமே பிள்ளை மீண்டும் போகிறான்.